எழுபத்தொரு புளியங்கொட்டை

தரகர் கலீமுல்லாவை எனக்குப் பிடிக்காது. ஊரில் யாருக்குமே பிடிக்காது என்பதால் அதை ஒரு குற்றமாக நான் நினைத்ததில்லை. வாயில் எப்போதும் வெற்றிலை. கேட்ட கேள்விக்குப் பாதி பதில்தான் வரும், அதுவும் கேட்டவனை மட்டம் தட்டுகிற பதிலாக இருக்கும். என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் தெருவோடு சும்மா போனாலும், "இன்னா குமாஸ்தா, மை காஞ்சிபோச்சா?" என்பார். என் பெயர் ராமலிங்கம். ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவே பாலாற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊர் யூனியன் போர்டில் பதினெட்டு வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டினவன். அந்த மனுஷருடைய கதையை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

கலீமுல்லாவின் தகப்பனார் கிராமம் கிராமமாகப் பச்சைத்தோல் வாங்கி வண்டியில் ஏற்றிவந்து விற்றவர். மகனுக்கு வண்டி பிடிக்கவில்லை. இருபது வயதிலேயே சந்தையில் துண்டு போட ஆரம்பித்துவிட்டார். எங்கள் தோல் சந்தையில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். தரகர் தன் வலது கைமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். வாங்க வந்தவர் துண்டுக்குள் கையை விட்டுத் தரகரின் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல் பிடித்தாரோ அதுதான் அவர் கேட்கும் விலை. ஒருவர் பிடித்தது அடுத்தவருக்குத் தெரியாது. எல்லோரும் பிடித்து முடித்ததும், சரக்கு இன்னாருக்கு என்று மட்டும் தரகர் சொல்வார். மற்றவர்கள் பிடித்தது என்ன என்பது தரகரோடு மண்ணுக்குள் போகவேண்டிய விஷயம்.

எல்லாத் தரகர்களும் அப்படிப் போகவிட்டார்கள் என்று சொல்லமுடியாது. ஒரு ரூபாய்க்கு விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். கலீமுல்லா விற்கவில்லை. அவருடைய மைத்துனர் அப்துல் ஹமீத் ஒரு தடவை பெரிய சரக்கு ஒன்றுக்குப் போட்டி போட்டார். எதிராளி எத்தனை விரல் பிடித்தான் என்று காதோடு சொல்லும்படி கெஞ்சினார். கலீமுல்லா சொல்லவில்லை. சரக்கு கைவிட்டுப் போனது, ஹமீதின் தொழிலும் அதோடு படுத்துவிட்டது. கலீமுல்லாவின் மனைவி சைரா பிறந்த வீட்டை மறக்கவேண்டியதாயிற்று. "அந்தாளு என்னைக் கட்டிக்கல, துண்டைத்தான் கட்டிக்கினாரு" என்று அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லி அழுதது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் நான் செய்ததைத்தான் இனிமேல் சொல்லப்போகிறேன்.

எங்கள் ஊரில் தோல் ஷெட்டுகள் எல்லாம் மேட்டில் இருக்கின்றன, கீழத்தெரு பள்ளத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக் குழித் தண்ணீரும் ஆவாரம்பட்டை ஊறின தண்ணீரும் கால்வாயில் இறங்கி, மண்ணில் ஊறி, கீழத்தெருக் கிணற்றுக்குள் வந்து சேரும். அதில் சோறு வடித்தால் சோறு பழுப்பாகும். குளித்தால் உடம்பு அரிக்கும். தெருப் பெண்கள் ஒரு மைல் நடந்து பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள். சித்திரையில் ஊற்றும் வற்றிவிடும். அப்போது கிணற்றுத் தண்ணீரையே துணியில் வடிகட்டிக் குடிப்பார்கள். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் ஷெட்டுகளில் தோல் சீவுகிறவர்களும் உப்புப் போடுகிறவர்களும்தான். கலீமுல்லாவின் வீடும் அந்தத் தெருக் கோடியில்தான் இருந்தது, அவர் வீட்டிலும் அதே தண்ணீர்தான்.

என் வீடு தெருவின் மேல் முனையில். எனக்கு ஆற்றுத் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து ஊற்ற மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தாள். இதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் போர்டின் கையில் ஒரே ஒரு வேலைக்குப் பணம் இருந்தது, ஆயிரத்து எண்ணூறு ரூபாய். பிரசிடெண்ட் இஷ்தியாக் அகமது சாயபு, ஊரிலேயே பெரிய ஷெட்டுக்குச் சொந்தக்காரர். ஷெட்டு வாசலிலிருந்து ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கப்பி ரோடு போடவேண்டும் என்பது அவர் ஆசை. வண்டிகள் மணலில் புதைகின்றன என்பது நிஜம்தான். அதே சமயம் கீழத்தெருவிலிருந்து செண்பகம் என்னிடம் வந்தாள். ஷெட்டில் உப்புப் போடுகிறவள், புருஷன் இல்லாதவள், தன் பெயரிலேயே வீட்டு வரி கட்டுகிறவள். மேட்டுக்கு மேற்கே ஒரு கிணறு வெட்டி, குழாய் வைத்துத் தெருவுக்குத் தண்ணீர் இறக்கவேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கேட்டாள். எழுதினேன். நன்றாகவே எழுதினேன். படித்துக் காட்டியபோது செண்பகம் அழுதாள், எனக்குப் பெருமையாக இருந்தது.

மனுவில் யாரும் கைநாட்டு வைக்கவில்லை. பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். "கீழத்தெரு வரிதாரர்கள்" என்று மட்டும் போட்டேன். அதற்குப் பதிலாக, ரோடு வேண்டாம், கிணறுதான் வேண்டும் என்று செண்பகத்தின் கையில் ஒவ்வொருவரும் தனித்தனியே கையடித்துச் சத்தியம் செய்தார்கள். வேறு தெருக்காரர்களும் சிலர் வந்தார்கள். சாயபுவின் கணக்குப்பிள்ளைகளே இரண்டு பேர் யாரும் பார்க்காதபோது வந்து கையடித்துவிட்டுப் போனார்கள். மொத்தம் எழுபத்திரண்டு பேர். எழுபத்திரண்டாவது ஆள் நான்.

பள்ளிகொண்டாவில் முகாம் போட்டிருந்த டிப்டி கலெக்டர் மனுவைப் பார்த்துவிட்டு, ஊரில் வரி கட்டுகிற எல்லோரையும் கேட்டு, எந்த வேலையை அதிகம் பேர் கேட்கிறார்களோ அதைச் செய்யவேண்டும் என்று உத்தரவு போட்டார். வரிதாரர் பட்டியலில் இருந்தது நூற்று நாற்பத்து மூன்று பேர். வாடகை வீட்டில் இருந்த கலீமுல்லாவின் பெயர் அதில் இல்லை. எங்களுக்கு ஒரே ஒரு ஆள் அதிகம்.

சாயபு கவலைப்படவில்லை. "கேட்டுடலாமே. எல்லாரையும் வரச்சொல்லி கையைத் தூக்கச் சொல்லுங்க" என்றார். அவர் எதிரே உட்கார்ந்திருக்க எவன் கையைத் தூக்குவான்? அப்போது தோல் சீவுகிறவர்களின் மேஸ்திரி சின்னசாமி எழுந்து, "சந்தையில இன்னா வழக்கமோ அதையே பண்ணிடலாம் சாயபு. கலீம் பாய் துண்டு போடட்டும்" என்றான். சாயபுவால் மறுக்கமுடியவில்லை. துண்டு சரிப்படாது என்று சொன்னால் அவருடைய வியாபாரமே சரிப்படாது. தவிர, கலீமுல்லா தன் சந்தையில் பிழைக்கிறவன்தானே என்றும் நினைத்திருப்பார்.

கூட்டம் கலைந்ததும் என்னை மட்டும் நிற்கவைத்தார். "மனுவில இருக்கிற எழுத்து உன்னுதுதானே ராமலிங்கம். நீயும் அந்தப் பக்கமா?"

"எழுதச் சொன்னாங்க, எழுதினேன் சாயபு."

"பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை நான் மூன்று நாள் சுமந்துகொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைத் திடலில் ஊர் கூடியது. கலீமுல்லா துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார். இடது கை ஜிப்பாப் பைக்குள் இருந்தது. பைக்குள் உதிரியாகப் புளியங்கொட்டையும் ஒரு சுருக்குப் பையும் இருந்தன. கிணறு கேட்டால் ஒரு கொட்டை சுருக்குப் பைக்குள் விழும், ரோடு கேட்டால் விழாது. வெளியே நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "ஒரு வெரலைப் பிடிச்சா ரோடு. ரெண்டு வெரலைப் பிடிச்சா கெணறு. கையைத் தடவிக்கினு நிக்காதீங்க, எனக்கு வேற வேலை இருக்கு" என்றார். நான் பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டு வந்தேன்.

செண்பகம் துண்டுக்குள் கையை விட்டபோது, பொம்பளை இப்படிச் செய்யலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். "உப்புத் தோலைப் பொரட்டுற கை. இதைத் தொட்டு யாரும் கெட்டுப்போய்ட மாட்டாங்க" என்றாள். கலீமுல்லா அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பிடிச்சிட்டு நவுரும்மா" என்றார்.

கடைசிப் பெயர் என்னுடையது. சாயபு நாற்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் துண்டுக்குள் விட்ட பிறகுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. நாளைக் காலையில் சாயபு இந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்பார். இவர் சொல்லிவிடுவார். எனக்காக எவன் தன் பிழைப்பை விட்டுப் பட்டினி கிடப்பான்? ஆற்றுத் தண்ணீர் என் வீட்டுக்கு வந்துகொண்டுதானே இருக்கிறது? காய்ந்து காப்புக் காய்த்த அந்த விரல்களில் ஒன்றை மட்டும் பிடித்தேன். கலீமுல்லாவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. வெற்றிலைச் சாற்றைப் பக்கத்தில் துப்பிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சுருக்குப் பையை ஒரு தாம்பாளத்தில் கவிழ்த்து எல்லோர் முன்னாலும் எண்ணினார்கள். "கெணறு எழுபத்தொண்ணு. ரோடு எழுபத்திரெண்டு" என்றார் கலீமுல்லா.

எழுபத்திரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பார்வை இப்படியே சுற்றிவந்தால் என் முகத்திலும் வந்து நிற்கும். அதனால் முதலில் வாயைத் திறந்தவன் நான்தான். "துட்டு எவ்ளோ வாங்கினீங்க பாய்?" என்று கேட்டேன்.

கலீமுல்லா என்னைப் பார்த்தார். "வாங்கியிருந்தா ரசீது எழுத உன்னைத்தானே கூப்பிட்டிருப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவேண்டிய அவசியம் வரவில்லை. தெரு முழுக்கப் பேசியது. தங்களுக்குள் ஒருவன் மாறிவிட்டான் என்று நம்புவதைவிட, பிடிக்காத ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. செண்பகம் அவர் எதிரே போய் நின்றாள்.

"எங்க ஆளுங்க எழுபத்திரெண்டு பேரு பாய். எவனாவது மாறியிருந்தா அவன் யாருன்னு சொல்லு. இல்ல, நான்தான் வாங்கினேன்னு ஒத்துக்கோ."

"துண்டுக்குள்ள நடந்தது வெளிய வராது."

"நீயும் அதே தண்ணியத்தானே குடிக்கிற? ஒரே ஒரு கொட்டை ஜாஸ்தி போட்டிருந்தா இன்னா கொறைஞ்சிருக்கும்? கெணறு வந்திருக்குமே."

"இன்னைக்கு ஜாஸ்தி போடுற கை நாளைக்குக் கம்மியாவும் போடும். போயி வேலையப் பாரு."

செண்பகம் மண்ணை வாரி அவர் மேல் வீசினாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் நான் பயந்தபடியே சாயபு அவரைக் கூப்பிட்டார். பேனாவும் காகிதமுமாக நானும் அங்கே இருந்தேன். "எழுபத்தோரு பேரு யார் யாருன்னு சொல்லு கலீம். ராமலிங்கம் எழுதிக்குவான்" என்றார் சாயபு.

"சொல்றதுக்கு இல்ல சாயபு."

"என் ஷெட்டுல தின்னுட்டு எனக்கே குழி தோண்டினவன் எத்தனை பேருன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"எத்தனை பேருன்னு நேத்தே சொல்லிட்டேனே. எழுபத்தோரு பேரு."

சாயபுவின் முகம் சிவந்தது. "நாளையிலேர்ந்து சந்தையில உன் துண்டைப் பார்க்கக் கூடாது" என்றார். கலீமுல்லா வெளியே போகும்போது என் கையிலிருந்த வெற்றுக் காகிதத்தை ஒரு தடவை பார்த்தார். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படியானால் நான் இரண்டு விரலைப் பிடித்திருந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது தெரிந்த அந்த நிமிஷத்தில் எனக்கு வெட்கம் வரவில்லை, அவர்மேல் கோபம்தான் வந்தது. இவ்வளவு யோக்கியன் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் நான் ஏன் பயப்படப்போகிறேன் என்று அவர்மேலேயே பழியைப் போட்டேன். உண்மையில் எனக்கு முன்னாலேயே தெரியும்.

மேட்டில் பிழைப்பு போயிற்று. பள்ளத்தில் அதைவிட மோசம். தோல் சீவின ஜவ்வை அள்ளிக்கொண்டுவந்து அவர் வாசலில் கொட்டினார்கள். சைரா அம்மாள் குடத்தோடு ஆற்றுக்குப் போனால் மற்ற பெண்கள் ஊற்றை மணலால் மூடிவிட்டு நகர்ந்துகொண்டார்கள். வேறு இடத்தில் தனியாகத் தோண்டி, தனியாகவே காத்திருந்து, அரைக் குடத்தோடு அந்த அம்மாள் திரும்பி வருவதை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். நான்கு மாதம் தாங்கினார்கள். பிறகு ஒரு வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு நாட்றம்பள்ளிப் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் போன அன்று தெருவில் சர்க்கரை கொடுத்தார்கள். எனக்கும் ஒரு பிடி வந்தது.

ரோடு போட்டாயிற்று. மூன்று வருஷம் கழித்து மறுபடியும் போர்டில் பணம் சேர்ந்தது. மறுபடியும் ஊரைக் கேட்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. இந்தத் தடவை சாயபுவுக்கு ஸ்டேஷன் ரோட்டில் விளக்கு வேண்டியிருந்தது. நான் செண்பகத்திடம் போய், இப்போதாவது கிணறு கேளுங்கள் என்றேன். அவள் சிரித்தாள். "எதுக்கு? நாங்க கையை நீட்டணும், எவனோ எண்ணணும், அவன் துட்டு வாங்கினு எங்களை ஏமாத்தணும். ஒரு தடவை ஆனது போதும்" என்றாள். கீழத்தெருவிலிருந்து ஒரு ஆள்கூடத் திடலுக்கு வரவில்லை. விளக்குக்கு ஐம்பத்தெட்டு, கிணற்றுக்கு மூன்று என்று நான் நோட்டில் எழுதினேன். அந்த மூன்றில் ஒன்று என்னுடையது. இதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்குத்தான் நான் செய்தது இன்னதென்று முழுசாக எனக்குப் புரிந்தது. ஒரு கிணற்றை மட்டும் நான் கெடுக்கவில்லை. எண்ணிக்கை என்றாலே பொய் என்று ஒரு தெருவையே நம்பவைத்துவிட்டேன். அவர்கள் இனி எந்தக் காலத்திலும் வந்து கேட்கமாட்டார்கள். கேட்காதவர்களுக்குப் போர்டு ஒன்றும் செய்யாது. கலீமுல்லா ஏமாற்றவில்லை என்பது தெரிந்தால்தான் அவர்கள் மறுபடி வருவார்கள். அடுத்த வாரமே நாட்றம்பள்ளிக்கு பஸ் ஏறினேன்.

அங்கே மாட்டுச் சந்தையில் அவர் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும், "வா குமாஸ்தா. மாடு வாங்க வந்தியா, இல்ல மாட்டுக்கும் வரி போட வந்தியா?" என்றார்.

ஓரமாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க ஒரே ஒரு தடவை ஊருக்கு வரணும் பாய். அன்னைக்கு ஒத்தை வெரலைப் பிடிச்சது நான்தான்னு ஜனங்க முன்னால சொல்லணும்" என்றேன்.

"நீ ஒத்தை வெரலைப் பிடிச்சேன்னு யாரு சொன்னது?"

"நானே சொல்றேன்."

"அப்போ நீயே போயி அவங்ககிட்ட சொல்லு."

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க."

"எழுபத்தொண்ணுன்னு நான் சொன்னேனே. எவன் நம்பினான்?" வெற்றிலையைத் துப்பினார். "மூணு வருஷமா என் பொண்டாட்டி இந்த ஊர்ல மூஞ்சி தெரியாத ஜனங்களுக்கு நடுவுல கெடக்கிறா. இன்னைக்கு உனக்கு நெஞ்சு அரிக்குது. அதுக்கு நான் வந்து துண்டை உதறிக் காட்டணும், இல்ல?"

"உங்க பேருக்காகத்தான் பாய் கேக்குறேன்."

"என் பேரை உன்கிட்ட யாரு கேட்டா? நீ எத்தனை வெரலைப் பிடிச்சேன்னு அந்த ஊருக்கும் சொல்ல மாட்டேன், உன்கிட்டயும் சொல்ல மாட்டேன். நவுரு. வியாபார நேரத்துல வந்து பேஜார் பண்ணாத."

அவர் திரும்பிப் போய், காத்திருந்த ஒரு விவசாயியிடம் கையை நீட்டித் துண்டைப் போட்டார். அதற்கு மேல் என் பக்கம் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்ததும் நேரே ஆற்றுக்குப் போனேன். ஊற்றைச் சுற்றிச் செண்பகமும் இன்னும் ஐந்தாறு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நின்ற இடத்திலேயே சொன்னேன். "அன்னைக்கு மாறினது நான்தான் செண்பகம். கலீம் பாய் ஏமாத்தல. சாயபுவுக்குப் பயந்து நான்தான் ஒத்தை வெரலைப் பிடிச்சேன்."

செண்பகம் கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் எழுந்து வந்து என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்களா? மனுவை எழுதினதே நீங்க. அன்னைக்குத் துணிஞ்சு மொத ஆளா அவனைக் கேட்டதும் நீங்க" என்றாள். "நாட்றம்பள்ளிக்குப் போயிருந்தீங்களாமே. அவன் அங்க சிரமப்படறதைப் பாத்து மனசு எளகிடுச்சி. அதான் பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கினு வந்து நிக்கிறீங்க."

"சத்தியமா நான்தான். என் பிள்ளைங்க மேல ஆணையா சொல்றேன்."

"அய்யய்ய, அந்தப் பாவிக்காகப் புள்ளைங்க மேல ஆணை வெக்காதீங்க சாமி" என்று பதறினாள். மற்றவர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களாடி? இப்படி ஒரு மனுஷன் நம்ம தெருவில இருக்காரு. அவனும் இருந்தானே, நாசமாப்போறவன்" என்றாள்.

பிறகு மேஸ்திரி சின்னசாமியிடம் சொன்னேன். அவன் என் தோளைத் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தான். கணக்குப்பிள்ளைகளிடம் சொன்னேன், சிரித்தார்கள். சாயபுவிடமே சொன்னேன். "அது எனக்கு அப்பவே தெரியும், அதனாலதான் இன்னும் உனக்குச் சம்பளம் வருது" என்றார். ஊரிலேயே என்னை நம்பின ஒரே ஆள் அவர்தான். அவர் அதை வெளியே சொல்லப்போவதில்லை.

கலீமுல்லா நாட்றம்பள்ளியிலேயே காலமாகிவிட்டதாகப் போன மாசியில் செய்தி வந்தது. கீழத்தெருவில் எவரும் துக்கம் கேட்கப் போகவில்லை. என் வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் தெருவே வந்து நிற்கிறது. கிணறு இன்னும் வெட்டவில்லை.